சிலிண்டருக்குச் சாதகம் பார்த்த தரகர்

கொழும்புத் துறைமுகத்தில் நான் இறங்கிப் பார்க்காத ஆழமே கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு கீழே போனேன் என்றால், மேலே நிற்கிறவர்கள் எனக்கு முப்பத்தோராம் நாள் காரியம் செய்து முடிக்கிற நேரத்தில்தான் வெளியே வருவேன்.

மேலே உள்ளது முழுப் பொய். எனக்கு நீந்தத் தெரியாது. கொட்டாஞ்சேனையில் மழை வெள்ளம் நின்ற ஒரு நாள் ஓட்டோவை இறங்கித் தள்ளியபோது முழங்கால் வரை நனைந்தேன். நான் கண்ட கடல் அவ்வளவுதான். அதற்கே இரண்டு நாள் காய்ச்சல்.

பொய்யை ஏன் முன்னால் விட்டேன் என்றால், உண்மையில் நான் இரண்டாம் ஆள். முதலாம் ஆள் சிலிண்டர் தரகர். இந்த உலகத்தில் இரும்புக்குக் கலியாணம் பேசிய மனிதர் அவர் ஒருவர்தான். அவர்மேல் எனக்கு இருந்த எரிச்சலை வைத்து ஒரு கடைக்கு அடுப்பே மூட்டியிருக்கலாம். எனக்கு எழுதக் கிடைப்பது இடியப்பம் அவிகிற நேரம் மட்டும். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

அவருடைய அசல் தொழில் கலியாணத் தரகு. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக, ரயில் போனால் கட்டில் ஆடுகிற ஓர் அறையில் இருந்தார். கையில் எப்போதும் ஒரு பை. பைக்குள் மாப்பிள்ளைமார் சாதகம், பெண் பிள்ளைகளின் படம், பழைய ஸ்பீக்கரில் இருந்து பிடுங்கிய ஒரு காந்தம், நீளக் கம்பியில் கட்டிய குட்டி பல்ப். பின்னால் சொன்ன இரண்டும் அவருடைய பைத்தியத்துக்கு உரியவை.

பைத்தியம் என்னவென்றால், கடலுக்கடியில் போகிறவர்கள் முதுகில் கட்டும் காற்று சிலிண்டர். அதிலும் பழைய இரும்புச் சிலிண்டர். இப்போது வருவதெல்லாம் அலுமினியம். பழைய இரும்பு எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரர்களோடும் கப்பல்களோடும் வந்து, துறைமுகத்துப் பின்பக்கத்திலும் பழைய இரும்புக் கடைகளிலும் ஒதுங்கிக் கிடக்கிறது. அதில் பெரும்பாலானவை செத்தவை. உயிரோடு ஒன்று அகப்பட்டால் அது புதியதை விட நல்லது என்பார்கள். உயிரோடு இருப்பதைக் கண்டுபிடிக்கிறதுதான் தரகரின் வெறி.

கண்டுபிடிக்கிற முறையைப் பார்க்க வேண்டும். முதலில் சிலிண்டரை நிமிர்த்தி வைப்பார். நின்றால் அலுமினியம், அதன் அடி தட்டை. விழுந்தால் இரும்பு, அதன் அடி உருண்டை. பெரும்பாலும், அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு திரிகிற என் காலில்தான் விழும். அடுத்தது காந்தம். ஒட்டினால் சந்தேகமே இல்லை. மூன்றாவது, விரலில் கிடக்கும் நவரத்தின மோதிரத்தால் ஒரு தட்டு. தட்டிவிட்டுக் கண்ணை மூடித் தலையைச் சரித்து நிற்பார். அந்த நேரத்தில் தெருவே மூச்சு விடாது. நான் எத்தனை வருசமாக இந்தத் தெருவில் பகிடி விடுகிறேன். ஒரு நாள், ஒருத்தர், கொட்டாவியையாவது அடக்கிக்கொண்டு கேட்டது கிடையாது.

கடைசியில், தோளில் கிடக்கும் துவாயை எடுத்துச் சிலிண்டரின் தோள்பட்டையில் போர்த்துவார். துவாய்க்குள் கையை விட்டுத் தடவுவார். தடவித் தடவி, "இவன் பிறந்து அம்பது வருசத்துக்கு மேல. கடைசியாச் சோதிச்சும் கன காலம். ஆனா நல்ல குடும்பம்," என்பார். ஒரு தட்டுத் தட்டி வயதையும் குடும்பத்தையும் சொல்கிற காது என்று எனக்கு வயிறு எரிந்தது. தடவுகிறது பாசத்தில் என்று நினைத்தேன். அந்த நினைப்பு பிறகு என்ன வேலை பார்த்தது என்று வருகிறேன்.

ஒரு நாள் என் ஓட்டோவில் இருந்தபடி ஒரு காதில் ஒரு போன், மறு காதில் இன்னொரு போன். ஒன்றில் மீன் பிடிக்கிற டைவர், மற்றதில் வெள்ளவத்தையில் ஒரு பெண்ணின் தாய். தரகர் சொல்கிறார்: "வயசு கொஞ்சம் கூடத்தான். ஆனா உள்ளுக்குத் துரு இல்லை. தோள்ல சின்ன நசுக்கம், அது பறவாயில்லை. தட்டினா மணி மாதிரி."

எந்தப் போனில் சொன்னார் என்பது அந்தத் தாய் போட்ட சத்தத்தில் எனக்கே கேட்டது. "என்ர பிள்ளைக்கு நீர் ஆரைக் காணும் தட்டிப் பார்த்தனீர்?"

வேறு யாராக இருந்தாலும் தொழிலை விட்டு ஓடியிருப்பான். இவர் ஆறுதலாக, "அம்மா, மாப்பிள்ளையையும் ஒருக்காத் தட்டிப் பார்க்கிறதுதான் நல்லம்," என்றார். அந்தக் கலியாணம் நடந்தது. எனக்கு அழைப்புக்கூட வரவில்லை.

சமையல் காஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலம் ஞாபகம் இருக்கும். அப்போது ஒரு காலை கொட்டாஞ்சேனைச் சந்தியில் பக்கத்தில் ஒரு சிலிண்டரோடு என் ஓட்டோவுக்காகக் காத்து நின்றார். நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பின்னால் தேவாலய மதில் வரைக்கும் வரிசை. வெற்றுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஆட்கள் ஓடி வருகிறார்கள். முன்னால் நின்ற ஒரு சிங்கள அம்மா, "காஸ் ஆவாத?" என்று கேட்கிறார். காஸ் வந்துவிட்டதா என்று. தரகர், "காஸ் நெவெய், ஹுலங்," என்கிறார். காஸ் இல்லை, வெறும் காற்று என்று.

யாரும் நகரவில்லை. காற்றாவது தருகிறார்களே என்று நினைத்தார்களோ என்னவோ. ஒரு பொலிஸ்காரர் வந்து வரிசையை நேராக்கினார். தரகர் அந்த வரிசைக்கு முன்னால் நின்று இரும்புக்கும் அலுமினியத்துக்கும் வித்தியாசம் என்ன என்று இரண்டு பாஷையிலும் விளக்கம் கொடுத்தார். எனக்குப் பின்னால் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் வரிசை நின்றது. நடு ரோட்டில் ஓட்டோ நின்றுபோன அன்று.

இதெல்லாம் பரவாயில்லை. ஸ்டெல்லா விசயம்தான் பொறுக்க முடியாதது.

ஸ்டெல்லா கொட்டாஞ்சேனையில் பின்னேரச் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தாள். இடியப்பம், பிட்டு, சொதி, சம்பல். எனக்கு அவளைக் கட்ட வேண்டும். அவளுக்கும் மறுப்பில்லை என்று அவள் சம்பல் வைக்கிற அளவில் தெரிந்தது. கேட்டதற்கு, "அண்ணா ஓம் எண்டா ஓம்," என்றாள். அண்ணா என்பது அன்ரன். கப்பலுக்கு அடியில் இறங்கி, அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டுகிற டைவர். கழுத்து என் இடுப்பளவு.

தைரியத்தை எல்லாம் திரட்டி ஒரு நாள், "மச்சான்," என்று தொடங்கினேன்.

"ஆரு உனக்கு மச்சான்?" என்றான். அன்றைக்கு அந்தக் கதை அங்கேயே முடிந்தது.

ஆகவே தரகரைப் பிடித்தேன். தரகர் வாய் திறந்தால் அன்ரன் கேட்பான். ஏனென்றால் அன்ரனுக்கும் ஒரு பழைய இரும்புச் சிலிண்டர் வேண்டியிருந்தது. "அலுமினியம் காத்து முடிய முடிய லேசாகி ஆளை மேல தூக்குது தரகர் ஐயா. பழைய இரும்பு அடங்கி இருக்கும். ஒண்டு பார்த்துத் தாங்க," என்று தினமும் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

தரகர் என்னிடம் சொன்னார்: "முதல்ல அவனுக்குச் சிலிண்டர் பொருந்தட்டும் காணும். உம்மட கதையை அதுக்குப் பிறகு எடுப்பம்."

பார்த்தீர்களா. பெண் கேட்கிற வரிசையில் எனக்கு முன்னால் நிற்பது ஓர் இரும்புக் குழாய்.

அதுவும் லேசில் பொருந்தாது. ஒன்றுக்குத் தோள் நசுக்கம் என்பார். ஒன்றுக்கு உள்ளே யாரோ பெயின்ற் பூசியிருக்கிறான், அது உரிந்து வரும் என்பார். இன்னொன்றுக்கு வால்வு பொருத்தம் இல்லை. திருகுப் புரி வேறு மாதிரி, முறுக்கி ஏற்றினால் ஒரு நாள் கழன்று பறக்கும் என்பார். இந்தக் குறை எல்லாவற்றையும் ஸ்டெல்லாவின் கடையில் இருந்துதான் சொல்வார். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். ஒரு நாள் நீளக் கம்பி வைத்த பழைய வால்வு ஒன்றைக் காட்டி, "கடலுக்குள்ள காத்து முடியப்போகுது எண்டா மூச்சு இறுகும் பிள்ளை. அப்ப இந்தக் கம்பியை இழுத்தா மிச்சம் வைச்சது கொஞ்சம் வரும். மேல வந்து சேர அது போதும்," என்று விளக்கினார்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "இவருக்கும் ஒரு கம்பி பூட்டலாமா ஐயா? இழுத்தா வாய் மூடுற மாதிரி."

கடை முழுக்கச் சிரித்தது. நான் விட்ட பகிடிக்கு அதில் பாதிச் சிரிப்பு வந்திருந்தால் இன்றைக்கு நான் வேறு ஆள். தரகருக்கு மேலதிகமாக ஓர் அகப்பை சொதி போனது. எனக்கு வந்தது பில்.

அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். சிலிண்டரை நானே கண்டுபிடிப்பேன். அன்ரனுடைய சம்மதத்தையும் வாங்குவேன். தரகருடைய கிரீடத்தையும் கழற்றுவேன். வழிதான் தெரியுமே. விழ வேண்டும், ஒட்ட வேண்டும், மணி அடிக்க வேண்டும்.

பேலியகொடை மீன் சந்தைக்கு ஆள் ஏற்றி ஒரு ஹயர் போனபோது ஒரு பழைய சிலிண்டர் கண்ணில் பட்டது. ஒரு மீன் லொறி பின்னால் உருளாமல் சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். மேலெல்லாம் செதில், துரு, நாய் செய்த வேலை. நிமிர்த்தினேன், பெருவிரலில் விழுந்தது. நல்ல சகுனம். இதற்கென்றே வாங்கி வைத்திருந்த காந்தம் ஒட்டியது. ஓட்டோச் சாவியால் தட்டினேன். அப்படி ஒரு நாதம். மீன் வெட்டுகிறவன் கத்தியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

லொறிக்காரன் சும்மா தர மாட்டேன் என்றான். முட்டுக் கொடுக்க வேறு ஏதாவது வேண்டுமாம். என் ஓட்டோவின் ஸ்பெயார் வீலைக் கழற்றிக் கொடுத்தேன். பாலத்தில் ஏறும்போதே பஞ்சர். அந்த நிலையிலும் சிரித்துக்கொண்டு ஓட்டோவைத் தள்ளியவன் நான் ஒருவன்தான். தள்ளும்போது பின் சீற்றில் சிலிண்டர் முதலாளி மாதிரிச் சாய்ந்து படுத்திருந்தது.

நேரே தெரிந்த கராஜுக்குக் கொண்டுபோனேன். துருவை எடு, பளபளப்பாக்கு, நீலப் பெயின்ற் அடி என்றேன். கராஜ்காரன் தோள்பட்டையைக் காட்டி, "அண்ணே, இதில ஏதோ குத்திக் குத்தி எழுதியிருக்கு," என்றான். பார்த்தேன். இங்கிலீசு எழுத்தும் இலக்கமுமாக ஒரே கீறல். காலிமுகத்திடல் பெஞ்சில் காதலர்கள் பெயர் கீறி வைக்கிற மாதிரி எந்தப் பேயனோ இதையும் விட்டு வைக்கவில்லை என்று நினைத்தேன். "நல்ல சாமானைக் கெடுத்து வைச்சிருக்கிறான். அதையும் சேர்த்துத் தேய்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பூசை முடிந்து ஆட்கள் கடையில் நிறைந்திருந்த நேரம், நீலச் சிலிண்டரை ஓட்டோவில் இருந்து இறக்கினேன். கழுத்தில் சிவப்பு ரிப்பன். பேலியகொடையில் கிடந்தது என்று மட்டும் சொன்னேன், ஸ்பெயார் வீல் கதையை விட்டுவிட்டேன். அன்ரன் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஸ்டெல்லா இடியப்பத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "இவரா கண்டுபிடிச்சது?" என்று கேட்டாள். அந்த 'இவரா' என்பதை இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

மூலையில் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தரகர் கையைக் கழுவிவிட்டு எழும்பி வந்தார். மோதிரத்தால் தட்டினார். கண்ணை மூடினார். கடையில் மெல்லுகிற சத்தம் நின்றது.

"நல்ல சத்தம்," என்றார்.

எனக்குக் கால் தரையில் இல்லை. பிறகு துவாயைப் போர்த்திக் கையை உள்ளே விட்டார். தடவினார். ஒரு சுற்றுத் தடவினார். திரும்பவும் தடவினார். துவாயை எடுத்து வீசிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இதில இருந்த எழுத்தெல்லாம் எங்க?"

"எந்த எழுத்து?"

"தோள்ல குத்தியிருந்த எழுத்து."

"ஓ, அந்தக் கீறலா? நான்தான் தேய்க்கச் சொன்னனான்."

தரகர் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "அதுதான் காணும் சாதகம். ஆர் செய்தது, எப்பச் செய்தது, எவ்வளவு அமுக்கம் தாங்கும், எந்தெந்த வருசம் சோதிச்சது, எல்லாம் அதிலதான். நான் பின்ன இவ்வளவு காலமும் துவாய்க்குள்ள என்னத்தை வாசிச்சனான் எண்டு நினைச்சீர்?"

நான் காதென்று நினைத்தேன். பாசமென்று நினைத்தேன். விரலால் எழுத்தை வாசிக்கிற கள்ள வேலை என்று யார் கண்டது. அதுவும் எனக்கு ஒளித்து. வந்த எரிச்சலில் சொன்னேன்: "உங்களுக்குப் பொறாமை. நீங்க கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடிச்சிட்டன் எண்டு பொறாமை." பொறாமையைப் பற்றி நான் பேசுகிறேன். கடையில் இருந்த சுவாமிப் படமே சிரித்திருக்கும்.

அன்ரனுக்குச் சிலிண்டரை விட மனமில்லை. "ஐயா, எழுத்து இல்லாட்டியும் பரவாயில்ல. கம்ப்ரஸர் வைச்சிருக்கிறவன் என்ர கூட்டாளி. கொஞ்சமா அடிச்சு நாளைக்கு ஒருக்கா இறங்கிப் பாக்கிறன்."

தரகர் கோபப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் ஓட்டோவில் கிடந்த, நட்டுக் கழற்றுகிற பெரிய சாவியை எடுத்தார். உள்ளே அமுக்கம் எதுவும் மிச்சமில்லை என்று திறந்து பார்த்துக்கொண்டு வால்வைக் கழற்றினார். குட்டி பல்ப்பைக் கம்பியோடு உள்ளே இறக்கினார். "பார்," என்றார். அன்ரன் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தான். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு ஸ்டெல்லா பார்த்தாள். கடைசியில் நான். உள்ளே சிவப்புச் செதில் செதிலாக உரிந்து, அம்மை வடு மாதிரிக் குழி குழியாக இரும்பைத் தின்று வைத்திருந்தது. கவிழ்த்தபோது தேத்தண்ணி நிறத்தில் கடல் தண்ணீர் என் காலில் கொட்டியது.

"இதில காத்து அடிச்சா கடலுக்குப் போகத் தேவையில்லை," என்றார் தரகர். "அடிக்கிற இடத்திலயே வெடிச்சு அலுவல் முடிஞ்சிடும். நல்ல சத்தம்தான். சத்தம் மட்டும்தான்."

ஸ்டெல்லா அண்ணனுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவனை விட்டால் ஆள் இல்லை. என்னை அவள் பார்க்கவில்லை. அன்ரன் பார்த்தான். "என்னைக் கொல்லவாடா ரிப்பன் கட்டிக் கொண்டுவந்த?" என்றான்.

பகிடி ஒன்றும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை. ரிப்பனை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.

"நில்லும் காணும்," என்றார் தரகர். கிட்ட வந்து நவரத்தின மோதிரத்தால் என் மண்டையில் ஒரு தட்டு. கண்ணை மூடித் தலையைச் சரித்தார். கடை திரும்பவும் மூச்சு விடவில்லை.

"எழுத்து இல்லை," என்று அன்ரனிடம் சொன்னார். "பள்ளிக்கூடப் பக்கம் போகேல்லை. வெளிச் சத்தமும் கூட. உள்ளுக்கு என்ன எண்டு நான் உமக்குக் காட்டுறன், வாரும்." அவனைத் தோளில் பிடித்து ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். இரண்டு பேரும் என் ஓட்டோவுக்குப் பின்னால் போய் நின்றார்கள். பேசுவது கேட்கவில்லை. தரகர் கம்பியில் கட்டிய அந்தக் குட்டி பல்ப்பை ஓட்டோவுக்குள் நீட்டி, ஸ்பெயார் வீல் இருந்த வெற்று இடத்தைக் காட்டினார். பிறகு குனிந்து, பஞ்சரோடு தள்ளிக்கொண்டு வந்து நெளிந்துபோன முன் சக்கரத்தின் விளிம்பைக் காட்டினார். அன்ரன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பேலியகொடை இருக்கிற திசையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

பிறகு நேரே என்னிடம் வந்தான். வந்த வேகத்தில் என் சட்டைக் கொலரைப் பிடித்தான். மூக்குக்கு மூக்கு. கடல் மணம். ஸ்டெல்லா பின்னால் நின்று, "அண்ணா," என்கிறாள். அன்ரன் வாயைத் திறந்து, "டேய் மச்

அந்தா, அடிக்கிறாள்.

அந்த நீலச் சிலிண்டர்தான். அடியை வெட்டி எடுத்துவிட்டுக் கடை வாசலில் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறது. சாதகம் இல்லாவிட்டாலும் நாதம் இருக்கிறதே. ஸ்டெல்லா அகப்பைக் காம்பால் அடிக்கிறாள். சாதாரண ஆட்களுக்கு அவள் அதைத் தொடுவதில்லை. எனக்கு அடித்ததே கிடையாது, வாயால் கூப்பிட்டால் போதுமாம்.

"இஞ்ச பாருங்க, எழுதினது காணும். தரகர் ஐயா வந்து குந்திக்கொண்டு இருக்கிறார். இரத்மலானையில ஏதோ சிலிண்டர் இருக்காம், உங்களையும் ஓட்டோவையும் வரட்டாம்."

ஓட்டோவையும் என்னையும் அல்ல, என்னையும் ஓட்டோவையும். கவனித்தீர்களா. அவருக்கு இன்றைக்கும் இரண்டு அகப்பை சொதி ஊற்றியிருப்பாள், எனக்குத் தெரியும். போய்த்தான் ஆக வேண்டும். நான் பக்கத்தில் போய் இருக்கும் வரைக்கும் அந்த மனிசன் இடியப்பத்தில் கை வைக்காது.